கேள்வித்தாளுக்கு அகப்படாத 3 குழந்தைகள்

இலங்கையில் 374 குழந்தைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. எல்லாம் 18 மாதம் முதல் 24 மாதம் வரையுள்ள பச்சைப் பிள்ளைகள். அவர்களில் 4 பேருக்கு 'ஆட்டிசம்' இருப்பதை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள்.

ஆனால், அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே தாய்மார்களிடம் கொடுத்த கேள்வித்தாள் ஒரு குழந்தையைத்தான் காட்டிக் கொடுத்தது. மற்ற 3 குழந்தைகளையும் "குறை இல்லை" என்று விட்டுவிட்டது!

இந்த முடிவு 2009-ம் ஆண்டில் வெளிவந்தது.

ஆட்டிசம் என்பது என்ன? மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு மாறுதல். பிறரோடு பழகுவதும் பேசுவதும் இந்தக் குழந்தைகளுக்கு எளிதில் வருவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பல குழந்தைகள் திரும்பிப் பார்ப்பதில்லை. ரத்தத்தைச் சோதித்து இதைச் சொல்ல முடியாது. குழந்தை நடந்து கொள்வதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இரவும் பகலும் அதைப் பார்ப்பவள் தாய். ஆகவே தாயிடம் கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் டயானா ராபின்ஸ் என்ற பெண்மணியும் அவருடன் வேலை செய்தவர்களும் 2001-ல் 23 கேள்விகள் கொண்ட தாளை வெளியிட்டார்கள். அதன் பெயர் 'எம்-சாட்'. 'ஆம்', 'இல்லை' என்று குறித்தால் போதும். அதைச் சிங்களத்தில் மொழிபெயர்த்துத்தான் இலங்கையில் கொடுத்தார்கள்.

என்ன கஷ்டம்?

"மொழிபெயர்ப்பது ஒரு பெரிய காரியமா?" என்று தோன்றும். தமிழிலேயே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "உங்கள் குழந்தை விரலால் காட்டுமா?"

"ஓ, காட்டுமே!" என்பாள் தாய். பிஸ்கட் டப்பாவைக் காட்டி அழுவது அவள் நினைவுக்கு வரும்.

டாக்டருக்கு அது மட்டும் போதாது. வானத்தில் விமானம் போகிறது. குழந்தை விரலை நீட்டுகிறது. அம்மாவும் பார்க்கிறாளா என்று அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. அதற்கு ஒன்றும் வேண்டாம். தான் கண்டதை அம்மாவும் காண வேண்டும், அவ்வளவுதான். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் குறைவாக இருப்பது இந்தக் காட்டுதல்தான். தாளில் இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். நம் பேச்சிலோ இரண்டுக்கும் ஒரே சொல்!

இன்னொரு கேள்வி: "குழந்தைக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்டது உண்டா?"

பெரும்பாலான கேள்விகளுக்கு 'ஆம்' நல்ல பதில். இதற்கு 'ஆம்' என்றால் எச்சரிக்கை. டாக்டர் முன்னால் இதை ஒப்புக்கொள்ள எந்தத் தாய்க்கு மனம் வரும்? "என் பிள்ளைக்கா? நன்றாகக் கேட்கும்" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. கேள்வி அவளிடம் போய்ச் சேரவில்லை.

வழக்கமாக, ஒருவர் மொழிபெயர்த்ததை மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்தில் எழுதுவார். இரண்டையும் ஒப்பிடுவார்கள். நல்ல முறைதான். ஆனால் சொல் சரியாக இருந்தாலும் தாய்க்குப் புரிந்ததா என்பது வேறு. அதைத் தாய்மார்களிடமே கேட்க வேண்டும். தாள் "குறை இல்லை" என்று சொன்ன குழந்தைகளையும் டாக்டர் பார்க்க வேண்டும். இதற்குச் செலவு அதிகம். செய்யாவிட்டால், ஒரு குழந்தை தவறியது யாருக்குமே தெரியாது.

4 என்பது சிறிய எண்ணிக்கை. அதை வைத்துத் தாளையே குப்பையில் போடச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் அதை 20 கேள்விகளாகத் திருத்தி, 16,071 குழந்தைகளிடம் சோதித்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். பதில் சந்தேகமாக இருந்தால், "எதைக் காட்டும்? எப்போது காட்டும்?" என்று தாயிடம் மறுபடி கேட்கிறார்கள். அப்படிக் கேட்ட பிறகும் சந்தேகம் தீராத குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்கே ஆட்டிசம் இருந்தது. மற்றவர்களில் அநேகருக்கு வேறு வளர்ச்சிக் குறை. தாள் முடிவு சொல்லாது. டாக்டரிடம் போகச் சொல்லும்.

இலங்கையில் ஹேமமாலி பெரேராவும் மற்ற ஆராய்ச்சியாளர்களும் பிறகு வேறு வழி தேடினார்கள். 2017-ல் அவர்களுடைய புதிய கேள்வித்தாள் பற்றிய விவரம் வெளிவந்தது. அதில் கேள்வியோடு படமும் இருக்கிறது. குழந்தை எப்படி நடந்து கொள்கிறது என்பதைப் படத்தில் பார்த்துத் தாய் பதில் சொல்கிறாள்.