மெலிவது வீரமா?

நமது நாட்டில் பட்டினிக்கு இருக்கும் மதிப்பு சோற்றுக்கு இல்லை. உண்ணாதவன் மகான், வயிறாரச் சாப்பிடுகிறவன் சாப்பாட்டுராமன். முன்பு ஏகாதசியென்றும் கார்த்திகையென்றும் சொல்லிப் பட்டினி கிடந்தார்கள். இப்போது நிலைக்கண்ணாடிக்காகவும் நிறுவைக்கருவிக்காகவும் கிடக்கிறார்கள். முன்பு அங்கப்பிரதட்சணம், இப்போது விடியுமுன் ஓட்டம், அந்தியில் மறுபடியும் ஓட்டம். பெயர் மாறிற்றேயொழிய, உடம்பை வதைப்பது மேன்மை என்கிற புத்தி மாறவில்லை.

தேகப்பயிற்சி வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. உழைக்கும் உடம்புக்கும் ஓடியாடும் பிள்ளைக்கும் நாம் விரோதியல்ல. நாம் சொல்லுவது வேறு. காய்ச்சலிலும் ஓடுகிறவன், கால் எலும்பில் கீறல் விழுந்தும் நிற்காதவன், ஒரு இட்லி தின்றால் அதற்கு இத்தனை மைல் என்று தனக்குத்தானே தண்டனை விதித்துக் கொள்ளுகிறவன், ஒருநாள் ஓடாவிட்டால் கொலை செய்தவன்போல் குற்றவுணர்ச்சியில் துடிக்கிறவன் - இவன் செய்வது பயிற்சியல்ல, வியாதி. இது பெண்களுக்கு மட்டுந்தான் வருமென்பதும் பொய், ஆண்களுக்கும் வரும்.

இத்தகையவர்களைப் பற்றி ஊரார் மூன்றுவித அபிப்பிராயம் சொல்லுகிறார்கள். சிலர் "திமிர்" என்கிறார்கள். சிலர் "பேய் பிடித்திருக்கிறது" என்று மந்திரவாதியைத் தேடுகிறார்கள். மற்றும் சிலர் "என்ன மன உறுதி!" என்று மெச்சுகிறார்கள். மூன்றும் தப்பு. மூன்றாவது எல்லாவற்றிலும் கேடானது. ஏனெனில் அது வியாதிக்குப் பரிசு கொடுக்கிறது.

இந்த நோய் இன்று நேற்று வந்ததல்ல. லண்டனில் வில்லியம் கல் என்ற வைத்தியர் இதை ஆராய்ந்து, 1874-ல் 'அனோரெக்சியா நெர்வோசா' என்று பெயரிட்டு எழுதினார். 1866-ல் அவரிடம் வந்த 17 வயதுப் பெண்ணின் எடை 82 ராத்தல். நாடி நிமிஷத்துக்கு 56. அப்படியிருந்தும் அந்தப் பெண் ஓரிடத்தில் உட்காரவில்லை. ஓயாமல் நடமாடிக் கொண்டே இருந்தாள். இவ்வளவு வற்றிய உடம்பு இவ்வளவு அலைச்சலைத் தாங்குகிறதே என்று அந்த வைத்தியரே ஆச்சரியப்பட்டார். அந்தப் பெண் பிழைத்தாள். 1868-ல் அவள் எடை 128 ராத்தல்.

திமிர் என்பவர்களுக்கு ஒரு சேதி. 1967-ல் அமெரிக்காவில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் தீனி. மற்ற நேரத்தில் ஓடுவதற்கு ஒரு சக்கரம். தீனி குறையக் குறைய எலிகள் ஓட்டத்தை அதிகமாக்கின. தீனி வைத்த நேரத்திலும் குறைத்தே தின்றன. மெலிந்து பல செத்தும் போயின. அதே தீனி கொடுத்து, சக்கரம் கொடுக்காத எலிகளோ பிழைத்துக் கொண்டன. அந்த எலிகள் எந்தக் கண்ணாடியைப் பார்த்தன? எந்தப் பேய் அவற்றைப் பிடித்தது? எலிக்குத் திமிரா என்று கேட்கின்றோம். பட்டினியும் ஓட்டமும் சேர்ந்தால் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதே விஷயம்.

மனித உடம்பின் சங்கதியும் தெரிந்ததே. 1944-45-ல் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்செல் கீஸ் என்பவர், யுத்தத்தில் ஆயுதமெடுக்க மறுத்த 36 வாலிபர்களை, அவர்கள் சம்மதத்தின்பேரில், ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். எடையில் கால் பங்கு போயிற்று. எடை மட்டுமா போயிற்று? சிரிப்புப் போயிற்று, சிநேகம் போயிற்று. சதா சோற்று நினைவு. சமையல் புத்தகம் படித்துக் கிடந்தார்கள். நல்ல புத்தியுள்ள திடகாத்திரர்களையே பட்டினி இப்படி ஆக்குமானால், நோயாளியின் சிடுசிடுப்பையும் பிடிவாதத்தையும் அவன் குணமென்று சொல்லுவது என்ன நியாயம்?

அந்தச் சோதனையின் பிற்பகுதிதான் முக்கியம். கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு கூட்டிய வாலிபர்கள் தேறவில்லை. தாராளமாகப் போட்ட பிறகே தேறினார்கள். வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் பல நாள் இருந்தது. ஆகவே குணமாகிறவன் அதிகம் சாப்பிடுவது பெருந்தீனியல்ல. உடம்பு தன் பழைய கடனை வசூல் செய்வதாகும்.

குணமாவதற்கு முதல் மருந்து சோறு. இரண்டாவது மருந்து, வைத்தியர் சரியென்று சொல்லும் வரையில் ஓட்டத்தை நிறுத்துவது. நாடி மெதுவாக அடிப்பதை "பயில்வானின் இருதயம்" என்று மெச்சிக் கொள்ளக் கூடாது. அது பட்டினியால் இருதயம் சோர்ந்ததாயிருக்கலாம். மாதவிடாய் நின்றுபோனால் எலும்பு கரைகிறது. மிகவும் வற்றியவர்களுக்கு வீட்டில் திடீரென்று சோற்றைக் குவிப்பதும் அபாயம். இரத்தத்தில் உப்புச்சத்துகள் திடீரென்று இறங்கி உயிருக்கே மோசமாகலாம். ஆதலால் வைத்தியர் பார்வையில் கூட்ட வேண்டும். மனநோய் வைத்தியரிடம் போவது மானக்கேடல்ல. மந்திரவாதியிடம் போவதே மானக்கேடு. வாலிபப் பிள்ளைகள் விஷயத்தில், பெற்றோர் பக்கத்திலிருந்து வேளாவேளைக்குச் சாப்பிட வைக்கும் முறை பலன் தருவதை லண்டன் வைத்தியர்கள் 1987-ல் எடுத்துக் காட்டினார்கள். "வளர்த்த தாய்தான் காரணம்" என்று பழி போடுவதை விட்டு, அந்தத் தாயைத் துணையாக்கிக் கொள்ளுவதே அறிவுடைமை.

கடைசியாக ஊராருக்கு. ஒருவன் எலும்பும் தோலுமாய் இருந்தபோது மெச்சினீர்கள். அவன் அரும்பாடுபட்டு ஒரு பிடி, இரு பிடி என்று சாப்பிட்டுக் கன்னத்தில் சதை வைத்ததும், "என்னப்பா, பூசிவிட்டாயே!" என்கிறீர்கள். உங்களுக்கு அது வெறும் பேச்சு. அவனுக்கோ அது மறுநாள் விடியற்காலை பத்து மைல். ஒரு மனிதன் மாதக்கணக்கில் கட்டியதை ஒரு வார்த்தையால் இடிப்பதற்கு உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

ஆகவே தோழர்களே, பிறர் உடம்பை நிறுத்துப் பேசும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் அப்படிப்பட்டவர் இருந்தால் அதட்டாதீர்கள், மெச்சாதீர்கள், வேப்பிலை அடிக்காதீர்கள். வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கூடச் சாப்பிடுங்கள். மெலிவதில் வீரமில்லை. பயத்தோடு முதல் கவளத்தை வாயில் வைக்கிறானே, அவனே வீரன் என்று நாம் சொல்லுவோம்.