சலுகை யாருக்கு?

தேனிக் கடைவீதியிலே ஒரு மாலைப்பொழுது நடந்து பாருங்கள். பூட்டிய கதவுகளில் ‘வாடகைக்கு விடப்படும்’ என்ற அட்டைகள் தொங்கக் காண்பீர்கள். மக்களையும் வணிகத்தையும் நகரின் நடுவுக்கு மீட்டுக் கொணர, அங்குள்ள கட்டடங்களுக்கு வரிச்சலுகை வழங்குக என்போர் உளர். மேலைநாட்டு மருந்தாம் இது! சலுகையே கூடாதென்று நாம் கூறவில்லை. சலுகை யாருக்கு என்றே கேட்கிறோம்.

கடைவீதி ஏன் தேய்ந்தது? புறவழிச்சாலைகள் வந்தன. பென்னிகுவிக் பெயர் தாங்கிய புதிய பேருந்து நிலையம் புறவழிச்சாலையில் எழுந்தது. அரசு மருத்துவக் கல்லூரி க.விலக்கில் அமைந்தது. 2010 இறுதியில் நின்ற இரயில், தேனிக்குத் திரும்ப 2022 மே வரையிலும் போடிக்குத் திரும்ப 2023 சூன் வரையிலும் ஆயிற்று. நெரிசல் தீரச் சாலைகள் வேண்டியவையே. ஆனால் கூட்டத்தை வெளியே அழைத்துச் சென்றது அரசின் திட்டம். இழப்பைச் சுமப்பவரோ சிறு கடைக்காரர்!

அவர் தலையில் ஏறிய பாரம் என்ன? 2022 ஏப்ரலில் நகராட்சிகளில் சொத்துவரி உயர்ந்தது: வீடுகளுக்குப் பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 100 விழுக்காடு வரை, வணிகக் கட்டடங்களுக்கோ 100 விழுக்காடு! வரி கட்டடக்காரர் பெயரில் வருகிறது. வாடகையாக உருமாறிக் கடைக்காரர் தோளில் இறங்குகிறது. நகராட்சி எல்லைக்கு அப்பால், ஊராட்சி நிலத்தில் எழும் மாளிகைக்கு வரி குறைவு. கூட்டம் போன இடத்தில் குறைவு, கூட்டம் கலைந்த இடத்தில் மிகுதி! இது என்ன நீதி?

மேலைநாட்டு மருந்து என்ன செய்தது? 1981 முதல் பிரிட்டனில் தாட்சர் அரசு, தொழில் மண்டலங்கள் அமைத்துப் பத்தாண்டு உள்ளூர் வரிவிலக்கு அளித்தது. வரி குறைந்தது; வாடகை ஏறிற்று; சலுகையில் பெரும்பங்கை நிலவுடைமையாளரே விழுங்கினர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் புதுக்கட்டடங்களுக்குப் பத்தாண்டு விலக்களித்தது. பயன் வசதி படைத்தோர்க்கே என்ற கண்டனம் எழுந்தபின், புது வீடுகளுக்கான சலுகையை 2022 முதல் குறைத்தது.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கும் வேலை நமக்கு வேண்டாம். நகராட்சியின் பெட்டி காலியானால் முதலில் அடிபடுவது தூய்மைப் பணியாளர் கூலி. அடுத்தது குடிநீர்க் குழாய்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும். எனவே நாம் கேட்பது இவை: பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்குச் சலுகை இல்லை. ஐந்தாண்டுக்கு வாடகை ஏற்றேன் என எழுதிக் கொடுத்து, மாடியில் குடியும் கீழே கடையும் வைப்பவர்க்கே சலுகை. புறவழிச்சாலை மாளிகைகள் தம் தகுதிக்கேற்ற வரி செலுத்துக. நகராட்சிக்கு நேரும் இழப்பை மாநில அரசு ஈடு செய்க. பேருந்துகள் கடைவீதி வழியே செல்க.

இது வணிகர் வழக்கு மட்டுமன்று. ஏலத்தோட்டம் ஏறி இறங்கும் கம்பம் பள்ளத்தாக்கின் கூலிப்பெண்ணுக்கு, வேலையில்லாத நாளில் அரிசியும் பருப்பும் கடனாகக் கொடுப்பவர் யார்? புறவழிச்சாலைப் பேரங்காடியா? கம்பத்திலும் போடியிலும் சின்னமனூரிலும் உள்ள சிறு கடைக்காரரே! அவர் கடை மூடினால் அவள் அடுப்பும் அணையும்.

தோழர்களே! வார்டுதோறும் செல்லுங்கள். பூட்டிய கடை எத்தனை, யாருடையது, வாடகை என்ன என்று கணக்கெடுங்கள். அந்தக் கணக்கோடு நகராட்சி வாயிலில் நிற்போம். சலுகை யாருக்கு என்ற கேள்விக்கு விடை பெற்றே திரும்புவோம்!