உள்ளது காட்டும் ஓவியம்

"உள்ளதை உள்ளவாறே காட்டுதற்குப் புகைப்படக் கருவி இருக்க, ஓவியன் எற்றுக்கு?" என வினவுவார் பலர். இதற்கு விடையாக ஒரு கலைஞருடைய வாழ்வையே காட்டலாம் என்பது எமது துணிபு.

கும்பகோணத்தை அடுத்ததொரு சிற்றூரில் 1979-இல் பிறந்தவர் ஓவியர் இளையராஜா. கும்பகோணத்திலும் பின்னர்ச் சென்னையிலும் அரசினர் கவின்கலைக் கல்லூரிகளிற் பயின்றார். தைலவண்ணத்தாலும் நீர்வண்ணத்தாலும் அவர் தீட்டியவர் நம் நாட்டுப்புற மாதரே. வாயிற்படியில் அமர்ந்த பெண், அடுக்களையில் நிற்கும் பெண், கரிய முகத்திற் படியும் வெயில், நூற்சேலையின் மடிப்பு, பித்தளைக் குடத்தின் பளபளப்பு ஆகியவற்றை ஆனந்த விகடன் வாயிலாகத் தமிழுலகம் கண்டு வியந்தது.

இரவிவர்மா (1848-1906) மேனாட்டுத் தைலவண்ண முறையை நம் நாட்டிற் பெருமையுறச் செய்தார். எனினும், அச்சுப்படங்களாக இல்லந்தோறும் புகுந்த அவர்தம் படைப்புக்களிற் பெரும்பாலான தெய்வங்களும் இதிகாச மாந்தருமே. அத்துணை மதிப்பிற்குரிய இடத்தில் ஓர் ஏழைப் பெண்ணை நிறுத்தியதே இளையராஜாவின் தொண்டு.

வறுமைக்கு அழகு பூசிவிட்டார் என்று சிலர் குறை கூறலாம். அக்குறையை முற்றும் தள்ளுதற்கில்லை. அவர்தம் ஓவியங்களில் வெயில் சுடுவதில்லை. ஆயினும், அம்மாதர் எவரிடத்தும் இரக்கம் வேண்டி நிற்கவில்லை. கருவி ஒரு நொடியில் முகத்தைப் பற்றுகின்றது. ஓவியனோ அம்முகத்தோடு நாட்பல வாழ்கின்றான். அங்ஙனம் நெடிது நோக்குதலே ஒருவருக்கு நாம் செய்யும் மதிப்பாகும்.

2021 சூன் திங்களில் கொரோனா நோய் அவரைக் கொண்டு சென்றது. ஐம்பதையும் எட்டாத வயது! அவர் தீட்டாது விட்ட முகங்கள் எத்துணையோ!

மாணவ நண்பர்களே, நமது ஜோலார்பேட்டைச் சந்திப்பில் வைகறையில் நின்று பாருங்கள். உணவுப் பாத்திரத்தைக் கையிலேந்தி வேலைக்கு விரையும் மாதரைக் காண்பீர்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் காலணித் தொழிற்சாலைகளில் தோலைத் தைத்துச் சேர்க்கும் கைகளுட் பெரும்பாலான பெண்களுடையவை. அவர்கள் தைத்த காலணிகள் கடல் கடந்து செல்கின்றன. அவர்களுடைய முகங்களோ நம் கல்லூரிச் சுவரொன்றிலும் இல்லை. நாள்தோறும் அவர்களருகே நின்றும் நாம் அவர்களை நோக்கியதில்லை.

தூரிகை பிடிக்க அறிந்தோர் அம்முகங்களைத் தீட்டுக. அறியாதோர், அவற்றை நின்று நோக்கவேனும் கற்க.