மந்தைவெளியில் பிறந்த ஆட்டம்

பூச்சொரிதல் நாட்களில் சமயபுரம் சாலையைப் பார்த்தவர்களுக்கு வெட்டவெளியின் அருமை தெரியும். கொள்ளிடம் பாலம் தாண்டிப் பூத்தட்டோடு நடந்து வருகிறவர்கள் தேடுவது உட்கார ஒரு மரநிழல், கால் நீட்ட நாலு முழம் புல்தரை. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் மந்தைவெளி இருந்தது. மாடு மேய்ந்த இடத்திலேயே பிள்ளைகளும் விளையாடினார்கள்.

கோல்ஃப் வளர்ந்ததும் அப்படியொரு மந்தைவெளியில்தான். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் ஊர்ப் பொதுநிலம். அங்கே பந்தாடும் உரிமை ஊராருக்கு உண்டு என்று 1552-ஆம் ஆண்டுச் சாசனமே சொல்கிறது. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டத்துக்கு விடுமுறை. புல்வெளியில் ஊர்மக்கள் உலாவுகிறார்கள்.

இந்தியாவுக்கு வந்த கோல்ஃப் மதிலுக்குள் போய்விட்டது. 1829-ல் கல்கத்தாவில் தொடங்கிய கிளப்பும் 1895-ல் கொடைக்கானலில் தொடங்கிய கிளப்பும் வெள்ளைக்காரர்கள் தங்களுக்காக அமைத்துக்கொண்டவை. ஆட்சி மாறியது, உறுப்பினர்கள் மாறினார்கள், வாசற்கதவு மட்டும் மாறவில்லை. 2014-ல் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்க கிளப் ஒன்றில் வேட்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அதைத் தடுக்க அந்த ஆண்டே சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் கதை இன்னும் பெரியது. ஓடுபாதைக்கு நடுவே ஜிம்கானா கிளப்பின் 18 குழி கோல்ஃப் மைதானம். மொத்தம் 160.86 ஏக்கர் அரசு நிலம். 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டு வாடகை ஏறத்தாழ 614 ரூபாய். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது. 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கப்போவதாக அறிவித்தது. வேளச்சேரி வெள்ளத்தைக் குறைக்கக் குளங்களும் வெட்டப்பட்டன. வழக்கு நீதிமன்றம் ஏறியது.

நிலத்தை மீட்டது சரியான முடிவு. ஆனால், இத்தனை காலம் அந்த மண்ணில் கான்கிரீட் ஏறாமல் காத்ததில் குதிரைக்கும் கோல்ஃபுக்கும் பங்குண்டு என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மீட்ட பிறகு ஒரு மூலையில் அரசுக் கட்டடம், இன்னொரு மூலையில் வாகன நிறுத்தம் என்று கரைய விட்டால், கிளப்பின் கையில் இருந்ததைவிட மோசமாகும்.

ஆட்டத்தையும் அடியோடு ஒழிக்கத் தேவையில்லை. எஸ்.எஸ்.பி. சௌராசியா கல்கத்தா கோல்ஃப் மைதானத்தில் புல்தரை பராமரித்தவரின் மகன். அங்கேயே பார்த்துப் பார்த்துக் கற்றவர், 2016, 2017 என்று அடுத்தடுத்து இந்தியன் ஓபன் பட்டம் வென்றார். 2009-ல் அதே பட்டத்தை வென்ற முனியப்பா, பெங்களூரில் அடுத்தவர் மட்டைப் பையைச் சுமந்தவர். வேலையாளாக நுழைந்ததால்தான் இவர்களுக்கு அந்தப் புல்தரை கிடைத்தது.

கிண்டிப் பூங்காவின் ஓரத்தில் நாலைந்து குழிகளை விட்டுவைத்து, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டையும் பயிற்சியாளரும் தரலாம். திருச்சியைச் சுற்றி எஞ்சியிருக்கும் மேய்ச்சல் புறம்போக்குகளையும் இப்போதே அளந்து, வேலி போடாமல், பட்டா கொடுக்காமல் காக்க வேண்டும். அடுத்த மாசியில் பூத்தட்டோடு வருகிறவர்களுக்கு உட்கார இடம் வேண்டும்.