வளர்ப்புப் பாம்பின் எலியும் வரப்புச் சாரையும்

பாம்பைச் செல்லப்பிராணியாக வைத்துக்கொண்டு, அதன் இரைக்கென்று வீட்டிலேயே எலி வளர்க்கும் வழக்கம் நம் நாட்டு நகரங்களில் சிலரிடம் பரவியிருக்கிறது. எலிக்குப் பொறியும் மருந்தும் வாங்கிச் சலித்த குடியானவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஆயினும் 2011-ஆம் ஆண்டில் கோயமுத்தூர் மாநகராட்சியுடன் சேர்ந்த துடியலூரில் தோட்டமும் புதுமனையும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு வீட்டுக் கூண்டிலிருந்து தப்பும் எலிக்குப் பக்கத்துச் சோளக்காடு தூரமன்று; ஆதலின் இவ்விஷயம் நம்மையும் சார்ந்ததே.

இவ்வாறு வளர்க்கப்படுவனவற்றுள் ஒன்று ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு. அஞ்சினால் உடலைப் பந்துபோற் சுருட்டிக்கொள்வதால் இப்பெயர். இதற்கிடுவது ஆராய்ச்சிக்கூடங்களிற் காணும் வெள்ளை எலி. நம் காடுகளில் வளை தோண்டும் வெள்ளெலி வேறு ஜாதி. வளர்ந்த பாம்பொன்றுக்கு வாரத்திற்கோ இரு வாரத்திற்கோ ஓர் எலி போதும். பெட்டை எலியோ சினைப்பட்ட 21 முதல் 23 நாட்களில் ஈனும். ஈற்றுக்கு ஆறு முதல் பன்னிரண்டு குட்டிகள். ஈன்ற ஓரிரு நாளிலேயே மறுபடியும் சினைப்படும். குட்டிகளும் இரண்டு மாதத்திற்குள் இனவிருத்திக்கு வந்துவிடும். இவ்வரவுக்கும் பாம்பின் செலவுக்கும் ஒருபோதும் பொருந்தாது. மிஞ்சுவனவற்றைக் கொல்ல மனமில்லாதவர் வாய்க்காலோரம் விட்டுவிடுவர் என்பதே என் அச்சம். எலியின் மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவுமாதலால், கட்டுத்தறியிலும் தீவனக் கொட்டகையிலும் இக்கூண்டுகளுக்கு இடங்கொடுக்கலாகாது.

1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி நல்ல பாம்பு, சாரை முதலிய நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது குற்றம். பந்து மலைப்பாம்பு போன்று சர்வதேச வாணிக உடன்படிக்கைக்குட்பட்ட அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர், 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அவற்றைப் பதிவு செய்து, பிறப்பு இறப்புகளையும் தெரிவிக்கவேண்டும். கிராம அதிகாரிகள் இதனை ஊரறியச் சொல்வது நலம். அனுமதி பெற்றுப் பாம்பு வைத்திருப்போரும் உண்டு. 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்தருகே வடநெம்மேலியில் பாம்புகளை மட்பானைகளில் வைத்து நஞ்செடுத்து, சில வாரங்களில் வெளியே விட்டுவிடுகிறது. அந்நஞ்சு பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள், அது பொழுதுபோக்கன்று.

எனக்கு அதிக வருத்தந்தருவது வேறொன்று. கூண்டுப் பாம்புக்கு எலி வளர்க்கும் இதே காலத்தில், எலியைத் தானே தேடித் தின்னும் சாரையை வரப்பிற் கண்டவுடன் தடியெடுப்போர் நம்மிற் பலர். சாரைக்கு நஞ்சில்லை. ஆறடிக்கு மேலும் வளரும். எலி வளைக்குள்ளேயே நுழைந்து இரை தேடும். சாரையும் நல்ல பாம்பும் பிணையுமென்பது தவறு. பின்னி எழுந்து நிற்பவை பெரும்பாலும் போரிடும் இரண்டு ஆண் சாரைகளே. தவளையையும் கோழிக்குஞ்சையும் அது பிடிப்பதுண்டு. சாரை ஒன்றாலேயே எலித்தொல்லை ஒழியுமென்றும் சொல்லேன். எலியின் ஈற்று அத்தகையது. வரப்பைச் சிறுக்கச் செதுக்குவதும், கிட்டி வைப்பதும், ஆந்தை அமரக் கொம்பு நடுவதும் உடன் நடக்கவேண்டும்.

எலி மிகுந்த இடத்திற்கு நல்ல பாம்பும் கண்ணாடிவிரியனும் வரும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் மாண்டதாக 2020-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. இரவில் நீர் பாய்ச்சச் செல்வோர் விளக்கும் காலணியும் இன்றிப் போகலாகாது.

சாரைக்கு இரை வாங்கியிட வேண்டியதில்லை. இடம் விட்டால் போதும். கொங்குநாட்டுக் கிளுவை வேலி அதற்கு நல்ல மறைவிடம். தோட்டம் மனையாகுமிடங்களில் வேலியைப் பறித்து மதிலெழுப்புகின்றனர். எஞ்சிய தோட்டக்காரர்களாவது ஒரு பக்க வேலியையேனும் வெட்டாது வைப்பார்களாக. வீட்டினுள் சாரை புகுந்தால் அடிக்காமல் வனத்துறைக்குச் சொல்லியனுப்புக.