சுவர் இருந்தால்தான் சித்திரம்



நம்ம ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் "கிரிவலம் போற ஊரா?" என்று கேட்பார்கள். அது வேறு திருவண்ணாமலை. நம்ம திருவண்ணாமலை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிறது. மலைமேல் சீனிவாசப் பெருமாள் இருக்கிறார். தென் திருப்பதி என்றும் சொல்வார்கள். புரட்டாசி சனிக்கிழமை வந்தால் சுத்துப்பட்டு ஊர் ஜனமெல்லாம் இங்கேதான். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால் மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்தவர்கள் மொட்டை போடுவார்கள். மலையேறி வருகிறேன் என்று நேர்ந்தவர்கள் முழங்கால் வலித்தாலும் ஏறுவார்கள். நம்ம ஊர்க்காரர்களுக்கு நன்றி செலுத்துவதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் உடம்பால் செய்துகாட்டுகிற ஜனங்கள் நாம்.

சாமிக்குச் செய்கிற இந்த நன்றியை, கஷ்ட காலத்தில் நமக்காக உழைக்கிற மனுஷங்களுக்கும் செய்கிறோமா? இதைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடத்தை மூடியபோது நம்ம வகுப்பு மூன்றாம் வகுப்பில் இருந்தது. எட்டாம் வகுப்பு வரைக்கும் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. நாலாம் வகுப்பு அறையைப் பார்க்காமலேயே அஞ்சாம் வகுப்பில் போய் உட்கார்ந்தவர்கள் நாம். ஊரடங்கு போட்டதும் மில்லு ஓடவில்லை, பட்டாசு வேலை இல்லை, கொத்து வேலையும் இல்லை. ரேஷன் கடையில் 1000 ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தார்கள். சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அப்புறம் இல்லம் தேடிக் கல்வி வந்தது. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன்னார்வலர் அக்காமார் சாயங்காலம் தெருவுக்கே வந்து நமக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அவர்கள் வரவில்லை என்றால் இந்தச் சுவரில் ஒட்டியிருப்பதை நம்மில் எத்தனை பேர் வாசிக்க முடியும்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஊரடங்குக்கு முன்னால், 2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு நாடு முழுக்கக் கைதட்டினார்கள், தட்டைத் தட்டினார்கள், மணி அடித்தார்கள். டாக்டர், நர்ஸ், தூய்மைப் பணியாளர் எல்லாருக்கும் நன்றி சொல்வதற்காக அது. கைதட்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கைதட்டல் அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் குப்பை அள்ள அதே அக்காதான் வந்தார். அவர் கைக்கு உறை இருந்ததா, காலையில் அவர் சாப்பிட்டாரா, உட்கார ஒரு நிழல் கிடைத்ததா என்று கேட்பதுதான் மிச்ச நன்றி. உழைக்கிறவருக்கு ஓய்வு கொடுக்காத நன்றி வெறும் சத்தம்தான் என்பது என் கருத்து.

இதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், நம்ம வீட்டுக்கே வருவோம். எங்க அம்மா ஒரு நூல் மில்லில் இரவு ஷிப்டு பார்க்கிறார். காலையில் வந்து சோறாக்கி, தண்ணி பிடித்து, எங்களை அனுப்பிவிட்டுத்தான் படுப்பார். போன வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்தபோது 8 கிராம்தான் இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது என்று நர்ஸ் அக்கா சொன்னார். அதற்கு அம்மா சிரித்துக்கொண்டே, "எனக்கென்ன, நடமாடிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை என்று தெரிந்தது. பாதிக்கு மேல்! அடுத்த வருஷம் நாமும் 15 வயது. அந்தக் கணக்கில் நாமும் வந்துவிடுவோம். பக்கத்தில் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. யாரோ முகம் தெரியாதவர் காயத்துக்குத் துணி நெய்கிற ஊர் இது. நெய்கிறவர்களின் முதுகுவலிக்கு என்ன மருந்து என்று கேட்டால், "வலிக்கத்தான் செய்யும், அதுக்கு என்ன பண்ண?" என்பார்கள்.

ஊருக்குக் கிளம்புகிற யாரைப் பார்த்தாலும் "உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்கிறோம். வீட்டிலேயே இருக்கிற அம்மாவிடம் அதை யார் சொல்கிறோம்? அம்மாவும் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது இல்லை. கேட்டால், "பொம்பளை தன்னைப் பார்த்துக்கிட்டா குடும்பத்தை யாரு பார்ப்பா? அது சுயநலம்" என்று எங்க அம்மாச்சி சொல்வார். அம்மாச்சி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று சொன்னதும் நம்ம பெரியவர்கள்தானே? வள்ளுவர் 11-ஆம் அதிகாரத்தில் செய்ந்நன்றி அறிதலைச் சொன்னார். அவரே 95-ஆம் அதிகாரத்துக்கு மருந்து என்று பேர் வைத்து, முன்னே சாப்பிட்டது செரித்ததா என்று பார்த்து அளவாகச் சாப்பிடச் சொன்னார். உடம்பைக் கவனிப்பது சுயநலம் என்றால் அவர் அதற்கு ஒரு அதிகாரம் முழுக்க ஒதுக்கியிருப்பாரா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கஷ்டத்தில் இருக்கிறவர்களிடம், "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனையோ பேரு இருக்காங்க, இருக்கிறதுக்கு நன்றி சொல்லிட்டுப் பேசாம இரு" என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டதும் அழ வந்தவள் அழுகையை முழுங்கிவிடுவாள். நன்றி என்பது வாய்க்குப் போடுகிற பூட்டு இல்லை. காலையில் அம்மா கட்டிக் கொடுத்த சோற்றுக்கு நன்றியும் இருக்கலாம், அப்பாவுக்கு வேலை இல்லையே என்ற பயமும் இருக்கலாம். இரண்டும் ஒரே மனசில்தான் இருக்கும். பயத்தைச் சொல்ல ஆள் வேண்டும். பிடித்த டீச்சரிடம் சொல்லலாம். யாரிடமும் சொல்ல முடியாவிட்டால் பிள்ளைகளுக்கு 1098 இருக்கிறது, மனசுக்கு 14416 இருக்கிறது. இரண்டுக்கும் காசு கிடையாது. உதவி கேட்பதும் உடம்பைப் பார்த்துக்கொள்வதில் சேர்ந்ததுதான்.

சரி, என்னதான் செய்யலாம்? என் சின்ன மூளைக்கு எட்டியதைச் சொல்கிறேன். ஆனால் இதெல்லாம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பையன்கள் தாண்டிப் போய்விட வேண்டாம்.

முதலாவது, வீட்டுக்குள் யாரும் "நன்றி அம்மா" என்று சொல்வது இல்லை. சொன்னால் சிரிப்பார்கள். நமக்கு அதைவிட நல்ல வார்த்தை இருக்கிறது: "சாப்டீங்களா?" கடைசியாகச் சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுகிறவரை நம்மோடு உட்கார வைத்து, அவர் தட்டில் முதலில் குழம்பு ஊற்றுவது பெரிய நன்றி. எங்க வீட்டில் இப்போது அப்படித்தான். அவரவர் தட்டை அவரவர் கழுவுகிறோம், தம்பியும் கழுவுகிறான். காலைச் சிற்றுண்டி திட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்க விடியும் முன்னே வருகிற அக்காமாரையும் ஒரு தடவை கேளுங்கள், "நீங்க சாப்டீங்களா அக்கா?" என்று.

இரண்டாவது, வாரம் ஒரு நாள் நமக்குக் கொடுக்கிற நீல மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போட வேண்டும். காம்பவுண்டுக்கு அந்தப்பக்கம் எறியக் கூடாது! முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம் இதிலெல்லாம் இரும்புச்சத்து இருக்கிறது. சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். எங்க அம்மா டீயை விடவில்லை, சோற்றுக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரையும் முருங்கைக்கீரையுமாக இப்போது 10-க்கு மேல் வந்திருக்கிறது. 12 வரும் வரை விடமாட்டோம்.

மூன்றாவது, தெருவில் இரவு ஷிப்டு போய்வந்தவர்கள் காலையில் தூங்குகிறார்கள். அந்த நேரத்தில் கதவைத் தட்டுவது, டிவியை அலற விடுவது, வாசலில் கத்தி விளையாடுவது இதையெல்லாம் குறைத்துக்கொள்ளலாம். இதற்குக் காசு பணம் தேவையில்லை.

நான்காவது, இது ஆசிரியர்களுக்கு என் பணிவான வேண்டுகோள். பெற்றோர் கூட்டம் காலை 10 மணிக்கு நடந்தால், இரவு முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்த அம்மாக்கள் தூங்காமல் வர வேண்டியிருக்கிறது. சிலர் வருவதே இல்லை. "பிள்ளை மேல அக்கறை இல்ல" என்று அவர்களுக்குப் பேர். அக்கறை இல்லாமல் இல்லை, தூக்கம்தான் இல்லை. கூட்டத்தைச் சாயங்காலம் 4 மணிக்கு வைத்தால் அவர்களும் தூங்கி எழுந்து, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு நிம்மதியாக வருவார்கள். இந்தப் பள்ளிக்கூடம் நம்ம அம்மாக்களுக்குச் செலுத்துகிற நன்றியாக அது இருக்கும்.

கஷ்ட காலம் இன்னும் வரும். மழை பொய்க்கும், மில்லு நிற்கும், காய்ச்சல் வரும். அதை நம்மால் தடுக்க முடியாது. வருகிறபோது யார் மேல் சாய்ந்து நிற்கப் போகிறோமோ அவர்களை இன்றைக்கே சாப்பிட வைக்கலாம், தூங்க வைக்கலாம். நாமும் சாப்பிட்டுத் தூங்கலாம். இதில் மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த மாதச் சுவர்ப் பத்திரிகையில் எழுதுங்கள், கட்டாயம் படிப்பேன்.

 ஆமாம், நீங்க சாப்டீங்களா?

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி