ஞாயிறு அரட்டை: அப்பத்தா நடந்த பாதை

மக்களே, போன வாரம் சாம்பார் வைக்கப் போய் ஹாஸ்டல் ஃபயர் அலாரத்தை அலற விட்ட கதையைச் சொன்னேன். இந்த வாரமும் அதே மாதிரி மொக்கை போடலாம்னுதான் உக்காந்தேன். மனசு வேற எங்கேயோ போகுது. அதனால இன்னைக்குக் கொசுவத்தி கொஞ்சம் நீளமாவே சுத்தும். பொறுத்துக்கோங்க.

நவம்பர் 11 அன்னைக்கு இங்கிலாந்துல பாதிப் பேர் சட்டையில சிவப்புக் காகிதப் பூ இருக்கும். காலையில சரியா 11 மணிக்கு ரெண்டு நிமிஷம் மௌனம். 1918-ல் முதல் உலகப் போர் ஓய்ஞ்ச நேரம் அது. எங்க காலேஜ் சுவத்துல ரெண்டு போர்லயும் செத்துப்போன மாணவர்கள் பேரை வரிசையா வெட்டி வச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி நின்னுட்டுத் திரும்பும்போது, கூடத் தங்கியிருக்கிற வெள்ளைக்காரப் பையன் தன்னோட கொள்ளுத்தாத்தா பர்மாவுல ஜப்பான்காரங்களோட சண்டை போட்டவர்னு சொன்னான். "உங்க வீட்ல யாராவது அந்தப் போர்ல இருந்தாங்களா?"ன்னு கேட்டான்.

"இல்லப்பா"ன்னு சட்டுனு சொல்லிட்டேன்.

ரூமுக்கு வந்தப்புறம்தான் உறைச்சுது. எங்க அப்பத்தா பொறந்ததே ரங்கூன்லதானே! பட்டாளத்துல யாரும் இல்லேங்கிறதால, போரே எங்க வீட்டுப் பக்கம் வரலேன்னு நினைச்சிட்டேன் போல.

அப்பத்தாவோட அய்யா தேவகோட்டைப் பக்கம். ரங்கூன்ல ஒரு அரிசி ஆலையில கணக்கு எழுதிக்கிட்டு இருந்தவர். 1931 கணக்கெடுப்புப்படி அந்த ஊர்ல பாதிக்கு மேல இந்தியர்கள்தான். 1941 டிசம்பர் 23, பட்டப்பகல்ல ஜப்பான் விமானங்கள் வந்தப்போ ஜனங்க தெருவுல நின்னு அண்ணாந்து வேடிக்கை பார்த்தாங்க. அப்படி நின்னவங்கதான் கொத்துக் கொத்தா செத்தாங்க. கப்பல்ல இடம் கிடைக்காதவங்க கால்நடையா கிளம்பினாங்க. 1942 மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போயிடுச்சு.

இதெல்லாம் புத்தகத்துல இருக்கு. அப்பத்தா கதை புத்தகத்துல இல்லையே. அன்னைக்கே போன் போட்டேன்.

"அப்ப எனக்கு ஆறு வயசு ராசா. மண்டலே வரைக்கும் ரயிலு. அப்பறம் சிந்துவின் ஆத்துல படகு. கலேவாவுல எறங்குனதுக்கப்பறம் நடைதான். தண்ணிக்குத்தான் பெரும்பாடு. ஓடைத்தண்ணி குடிச்சவுகளுக்கெல்லாம் வாந்திபேதி. பாதையோரம் படுத்துக் கெடக்குறவுகளைக் காட்டி, தூங்குறாக, சத்தம் போடாம வான்னு ஆத்தா சொல்லும். நானும் நம்பிக்கிட்டே நடந்தேன்."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன்.

"தமு தாண்டி மலை ஏறயில தம்பிக்குப் பேதி கண்டுச்சு. ரெண்டு நாளுதான் தாங்குனான். அய்யா தூக்குவாளி மூடியை வச்சுத்தான் குழி தோண்டுனாரு."

அப்பத்தாவுக்கு ஒரு தம்பி இருந்ததே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அந்தப் பித்தளைத் தூக்குவாளி இன்னும் எங்க அடுக்களையில இருக்கு. அதுல மோர் வாங்கிட்டு வந்திருக்கேன். மூடி கிடையாது. எங்கேன்னு நான் கேட்டதும் கிடையாது.

"தம்பி பேரு என்ன அப்பத்தா?"

"தம்பி தம்பின்னேதான் கூப்புடுவோம். பேரு ஒண்ணு வச்சிருந்தாக... ஆத்தாவுக்குத் தெரியும்."

ஆத்தா போய்ச் சேர்ந்து நாப்பது வருஷம் ஆச்சு.

ராத்திரி தூக்கம் வரலை. தேடிப் படிச்சேன். ஹ்யூ டிங்கர்னு ஒரு வரலாற்று ஆசிரியர் 1975-ல் இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்கார். தலைப்பிலேயே 'மறக்கப்பட்ட நெடும்பயணம்'னு சொல்றார். பர்மாவை விட்டு வந்த இந்தியர்கள் நாலஞ்சு லட்சம் பேர் இருக்கும். வழியில செத்தவங்களை யாரும் ஒழுங்கா எண்ணலை. மதிப்பீடுகள் பத்தாயிரத்துல ஆரம்பிச்சு பல பத்தாயிரம் வரைக்கும் போகுது. வெள்ளைக்காரங்களுக்கு வசதியான வழி, இந்தியர்களுக்குக் கஷ்டமான வழின்னு பாகுபாடு காட்டினதா 1942-லேயே பெரிய புகார் கிளம்பியிருக்கு.

மறுநாள் அந்தப் பையன்கிட்ட, "நேத்து தப்பா சொல்லிட்டேன், எங்க வீட்லயும் இருந்தாங்க"ன்னேன். மேப்பைத் திறந்து காட்டினேன். 1944 கடைசியில அவன் கொள்ளுத்தாத்தா இருந்த பதினாலாம் படை தமு வழியா கலேவாவுக்கு இறங்கியிருக்கு. எங்க ஆளுங்க வந்த அதே பாதை, எதிர்த் திசையில. ரெண்டு வழி புகாரையும் சொன்னேன். சமாதானம் ஒண்ணும் சொல்லலை. "உங்க பாட்டியோட தம்பிக்கு என்ன வயசு?"ன்னு மட்டும் கேட்டான். ரெண்டு இருக்கும்னு சொன்னேன்.

இப்போ அப்பா ஊர்ல பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறிக்கிட்டிருக்கார். ஜாதகம், கடுதாசி, ஏதாவது ஒரு துண்டுல அந்தப் பேரு இருக்குமான்னு. இதுவரைக்கும் கிடைக்கலை.

உங்க வீட்லயும் பர்மா, மலேயா, சயாம்னு யாராவது இருந்திருப்பாங்க. இந்த ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது "சாப்டியா"வோட நிறுத்தாம, கூட வந்தவங்க பேரெல்லாம் கேட்டு எழுதி வச்சுக்கோங்க. நான் கொஞ்சம் லேட்டா கேட்டுட்டேன்.

அடுத்த வாரம் பழையபடி மொக்கைதான். கவலை வேண்டாம் :-)